ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு புதன்கிழமையை எழுதிப் பாருங்கள்

போன மாதம் கீழ்வீட்டுப் பெண் மடிக்கணினியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. மியூனிக், ஸ்டுட்கார்ட், லைப்சிக் என்று மூன்று ஊரில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். அவள் ஒரு எக்செல் தாள் போட்டிருந்தாள். சம்பளம், வரி, வாடகை, குளிர் எவ்வளவு, இந்தியக் கடை எத்தனை கிலோமீட்டர் என்று பதினான்கு கட்டங்கள்.

"அக்கா, நீங்க அஞ்சு வருஷம் அங்க இருந்தீங்களே, எதை எடுக்கலாம்னு சொல்லுங்க."

நான் ஒன்றுதான் கேட்டேன். "ஜனவரி மாசம், புதன்கிழமை, காலைல பதினோரு மணிக்கு உங்க வீட்டுக்காரர் எங்க இருப்பார்?"

அவள் தாளை மேலும் கீழும் பார்த்தாள். அதற்கு அதில் கட்டம் இல்லை.

எங்களிடமும் 2018-இல் அந்தக் கட்டம் இல்லை. நாங்கள் பெங்களூர் அல்சூர்க்காரர்கள், ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. அந்த ஆகஸ்டில் நான்கு பேரும் கிளம்பினோம். கார்களுக்கான மென்பொருளைச் சோதிக்கிற வேலை என்னுடையது, அழைப்பு வந்ததும் எனக்குத்தான். என் கணவர் இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு மூன்று. மியூனிக்கிலிருந்து ரயிலில் ஐம்பது நிமிடம் தள்ளி ஒரு சிற்றூரில் வீடு பிடித்தோம். அங்கிருந்து என் அலுவலகம் பன்னிரண்டு நிமிட நடை. சில்க் போர்டு நெரிசலில் பத்து வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. என்னுடைய காலை எட்டு மணியை வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற மூன்று பேருடைய பதினோரு மணியை யோசிக்கவே இல்லை.

ஊர் அழகான ஊர். ஆறு ஓடும், வானம் தெளிந்த நாளில் ஜன்னலிலிருந்து மலை தெரியும். ஆனால் மகனுக்கு மழலையர் பள்ளியில் பதினோரு மாதம் இடம் கிடைக்கவில்லை. ஜெர்மன் வகுப்பு பக்கத்து ஊரில், மாலை நேரத்தில். வகுப்பு முடிவதற்கு இருபது நிமிடம் முன்பே கடைசிப் பேருந்து போய்விடும். அதனால் என் கணவர் வீட்டிலேயே இருந்தார். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பாடம் நடத்தியவர், நாள் முழுக்க ஒரு மூன்று வயதுப் பிள்ளையோடு மட்டும் பேசினார். குறை சொல்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது. மாலையில் நான் வீடு வந்ததும் ஸ்டேஷன் வரை போய் வருகிறேன் என்று கிளம்புவார். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல, ரயில் வர்றதைப் பார்த்துட்டு வரேன்" என்பார். எட்டு மாதம் தினமும் அதைக் கேட்டேன். எட்டாவது மாதம்தான் அது எனக்குக் காதில் விழுந்தது.

2019 அக்டோபரில் பெர்லினுக்கு மாறினோம். அப்போது புளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவருக்கு ஜெர்மனி தருகிற வேலை, குடியிருப்பு அனுமதியில் இருப்பவர், முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலை மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்தின் சம்மதம் வேண்டும். அதற்கு அலைந்தது, இரண்டு வீட்டு வாடகை ஒரே சமயத்தில் கொடுத்தது, நாங்களே வாங்கிப் போட்ட சமையலறைச் சாமான்களைப் பாதி விலைக்கு விற்றது என்று கையிருப்பில் பெரும்பகுதி கரைந்தது. பிறகு 2023 கோடையில் ஊர் திரும்பும் வரை பெர்லின்தான். இரண்டு விதமாகவும் வாழ்ந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன். ஜெர்மனியை வைத்துச் சொன்னாலும், கனடாவோ ஆஸ்திரேலியாவோ போகிறவர்களும் இதே வழியில் யோசிக்கலாம். விவரங்கள் மட்டும் மாறும்.

புதன்கிழமைத் தாள்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற ஒவ்வொரு ஊருக்கும், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். இடது ஓரத்தில் காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை எழுதுங்கள். ஒவ்வொரு மணிக்கும் எதிரே நான்கு விஷயம்: அந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார், யாரோடு இருப்பார், அங்கே எப்படிப் போவார், எந்த மொழியில் பேசுவார்.

சனி, ஞாயிறில் எந்த ஊரும் நன்றாகத்தான் இருக்கும், அதனால்தான் வார நடுவில் ஒரு நாள். ஜனவரி எதற்கென்றால் வெளிச்சத்துக்காக. பெங்களூரில் டிசம்பரிலும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் பகல் உண்டு. பெர்லினில் டிசம்பர் 21 அன்று சூரியன் காலை எட்டேகாலுக்கு எழும், மாலை நாலு மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஜனவரியிலும் அதிகம் வித்தியாசம் இல்லை. ஹாம்பர்க்கில் பகல் இன்னும் சிறியது, மியூனிக்கில் கொஞ்சம் நீளம். ஜூனில் போய் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இரவு ஒன்பதரை வரை வெயில் அடிக்கிற ஊரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஜனவரியில் மூன்றரை மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவர் யார் என்பது தாளில் தெரிய வேண்டும்.

மொழிக் கட்டம் நம் பெங்களூர்த் தமிழருக்குச் சுலபம். அல்சூர் மார்க்கெட்டில் தமிழ், ஆட்டோவில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் பிழைப்பு நடத்திப் பழகியவர்கள் நாம். கன்னடம் தெரியாமல் வந்த சொந்தக்காரர் முதல் மாதம் எங்கெங்கே தடுமாறினார் என்று யோசித்துப் பாருங்கள்: மின்சார அலுவலகம், தண்ணீர் லாரிக்காரர், காவல் நிலையம். அங்கேயும் அப்படித்தான். அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள். வீட்டு உரிமையாளர், பிள்ளையின் டீச்சர், குழந்தை மருத்துவரின் வரவேற்பு மேசை, குப்பையைப் பிரித்துப் போடச் சொல்லும் பக்கத்து வீட்டுப் பாட்டி, இவர்கள் எல்லோரும் ஜெர்மன்தான் பேசுவார்கள். சம்பாதிக்கிறவர் அலுவலகத்தில் இருக்கும்போது இவர்களை எதிர்கொள்வது வீட்டில் இருப்பவர்.

தாளை ஊகத்தில் நிரப்பாதீர்கள். ஜெர்மன் ரயில்வேயின் டிபி நாவிகேட்டர் செயலியில் ஒரு புதன்கிழமைத் தேதியைப் போட்டு, நீங்கள் பார்க்கிற தெருவிலிருந்து பேருந்து எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எப்போது என்று பாருங்கள். ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடம் உண்டு. ஜெர்மன் வகுப்புகளின் கிழமையும் நேரமும் அதன் இணையப் பக்கத்தில் இருக்கும். இந்த இரண்டையும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்திருந்தால் நாங்கள் அந்தச் சிற்றூருக்குப் போயிருக்க மாட்டோம். கடைகளையும் பாருங்கள். ஞாயிறு நாடு முழுக்கக் கடை அடைப்பு. மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தில் மற்ற நாட்களிலும் இரவு எட்டுக்கு மூடிவிடுவார்கள்.

எல்லாப் பக்கமும் எழுதிய பிறகு, ஒருவருடைய நாளில் தொடர்ந்து நான்கு மணி நேரம் வெறுமையாக இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த ஊரின் நல்லது கெட்டது அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைக்கு எத்தனை வயது?

ஜெர்மனியில் பள்ளிக்கூடம் மாநிலத்தின் பொறுப்பு. பதினாறு மாநிலமும் பதினாறு விதம். நம்மவர்களில் பலர் இதைத் தெரிந்துகொள்ளாமல் போய் இறங்குகிறார்கள், நாங்களும் அப்படித்தான் இறங்கினோம்.

பெரும்பாலான மாநிலங்களில் ஆரம்பப் பள்ளி நான்கு வருடம். அதன் முடிவில், பத்து வயதில், பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிக்குப் பிரிக்கிறார்கள். பவேரியாவில் இது கறாரானது. நாலாம் வகுப்பில் மே மாதம் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, அப்புறம் நம் சமூகவியலும் அறிவியலும் சேர்ந்த மாதிரி ஒரு பாடம், இந்த மூன்றின் சராசரி 2.33-க்குள் இருந்தால் பல்கலைக்கழகத்துக்கு நேர்வழியான கிம்னாசியும். 2.66 வரை ரியால்ஷூலே என்ற இடைநிலைப் பள்ளி. மற்றவர்கள் தொழிற்பயிற்சி நோக்கிப் போகிற மிட்டல்ஷூலே. அங்கே 1 என்பதுதான் முதல் தரம், 6 கடைசி. சராசரி எட்டாதவர்களுக்குச் சோதனை வகுப்பு உண்டு. வெளிநாட்டிலிருந்து நடுவில் வந்த பிள்ளைகளுக்குச் சலுகையும் உண்டு. பின்னால் மேலே ஏறி வருகிற வழிகளும் இருக்கின்றன. எல்லாம் சரி, ஆனால் ஒன்பது வயதில் ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல் போய் இறங்கிய என் மகளுக்கு அந்த ஓட்டத்துக்குக் கிடைத்த நேரம் ஒன்றரை வருடம். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "அம்மா, என் வகுப்புல நான் முட்டாளா?" என்று கேட்டாள். பெங்களூரில் எட்டாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னவள் அவள்.

பெர்லினிலும் அதைச் சுற்றியுள்ள பிராண்டன்பர்கிலும் ஆரம்பப் பள்ளி ஆறு வருடம். மொழி தெரியாமல் வரும் பிள்ளைகளுக்கு வரவேற்பு வகுப்பு என்று தனியாக வைத்து, முதலில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்து, பிறகு வழக்கமான வகுப்பில் சேர்ப்பார்கள். என் மகளுக்கு அந்த இரண்டு வருடம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ஆறாம் வகுப்பு முடித்து 2022-இல் கிம்னாசியுமில் சேர்ந்தாள்.

அதனால் என் அபிப்பிராயம் இது. பிள்ளை ஆறு வயதுக்குக் கீழே என்றால் எந்த மாநிலமும் சரி. முதல் வகுப்பிலிருந்தே அந்த மொழியில் வளரும். ஏழிலிருந்து பத்துக்குள் என்றால் ஆறு வருட ஆரம்பப் பள்ளி உள்ள ஊருக்கே முதல் இடம் கொடுங்கள், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும். பதினான்கு, பதினைந்து வயது என்றால் மிகவும் யோசியுங்கள். ஆங்கில வழி சர்வதேசப் பள்ளிகள் பெரிய நகரங்களிலும் அவற்றின் பக்கத்திலும்தான் உண்டு; ஆண்டுக் கட்டணம் 15,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். கம்பெனி அதைக் கட்டுகிறதா என்று கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் வாங்குங்கள். பெர்லினில் அரசே நடத்தும் ஜெர்மன்-ஆங்கில இருமொழிப் பள்ளிகளும் உண்டு, கட்டணம் கிடையாது, ஆனால் இடம் கிடைப்பது கடினம்.

மூன்று வயதுக் குழந்தைக்கு வேறு கணக்கு. ஒரு வயது நிறைந்த குழந்தைக்குப் பகல்நேரக் காப்பகத்தில் இடம் பெறுவது 2013 ஆகஸ்டிலிருந்து சட்டப்படி உரிமை. கிட்டா என்று சொல்வார்கள். உரிமை இருக்கிறது, காலியிடம் இருக்கிறதா என்பது ஊருக்கு ஊர் வேறு. பெர்லினில் 2018 ஆகஸ்டிலிருந்து கிட்டாவுக்குக் கட்டணமே இல்லை, எங்கள் காலத்தில் சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். எங்கள் மகனுக்கு அங்கே மூன்றாவது மாதம் இடம் கிடைத்தது. அவன் கிட்டாவுக்குப் போனதால்தான் என் கணவர் காலை நேர ஜெர்மன் வகுப்புக்குப் போக முடிந்தது. ஒருவருடைய தாளில் ஒரு மணி நேரம் நிரம்பினால் இன்னொருவருடைய தாளும் நிரம்புகிறது, அதைக் கவனியுங்கள். கிளம்பும் முன் தட்டம்மை ஊசி இரண்டும் போட்டதற்கான பதிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சிலிருந்து கிட்டாவுக்கும் பள்ளிக்கும் அது கட்டாயம்.

கூடப் போகிறவருக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது

புளூ கார்டு வைத்திருப்பவரின் துணைக்கு வேலை செய்ய முழு உரிமை உண்டு. விசாவுக்கு ஜெர்மன் தேர்வும் கேட்பதில்லை. இதைக் கேட்டதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் சட்டம் தருவது அனுமதிதான், வேலையைத் தர வேண்டியது ஊர்.

மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், ஆசிரியர் போன்ற தொழில்களுக்கு இந்தியப் படிப்பை அங்கீகரிக்க வேண்டும். அந்த அலுவலகமும் மாநிலத்துக்கு மாநிலம் தனி. மொழித் தேர்ச்சியும் கேட்பார்கள். ஆசிரியர் என்றால் பொதுவாக இரண்டு பாடம் நடத்தத் தகுதி வேண்டும். என் கணவருக்குக் கணக்கு ஒன்றுதான். பெர்லினில் இரண்டு வருடம் ஜெர்மன் படித்து, பி2 என்கிற மேல்நடுத்தர நிலைத் தேர்வு முடித்து, ஒரு தனிப்பயிற்சி மையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். சம்பளம் சொற்பம். ஆனால் முதல் நாள் வகுப்பு முடிந்து வந்து, பின்னத்தைப் பிள்ளைகளுக்கு எந்த ஜெர்மன் வார்த்தையில் விளக்கினார் என்று எனக்கு ஒரு மணி நேரம் சொன்னார். அன்றைக்கு அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

துணையும் கணினித் துறை என்றால் பெர்லின் வசதி, ஆங்கிலத்தில் நடக்கிற சிறு கம்பெனிகள் அங்கே அதிகம். வங்கித் துறைக்கு ஃபிராங்க்ஃபர்ட், கார் தொழிலுக்கு மியூனிக்கும் ஸ்டுட்கார்ட்டும், சிப் தயாரிப்புக்கு டிரெஸ்டன், விமானத் தொழிலுக்கு ஹாம்பர்க். ஒரே பெரிய கம்பெனியை நம்பி இருக்கிற ஊர்களில் மட்டும் ஜாக்கிரதை. வொல்ஃப்ஸ்பர்க் என்றால் வோக்ஸ்வாகன், இங்கோல்ஸ்டாட் என்றால் ஆடி கார். ஒரு வேலை போனால் ஊரையே காலி செய்ய வேண்டி வரும். வால்டோர்ஃபும் எஸ்ஏபி என்ற மென்பொருள் கம்பெனியை நம்பிய சிற்றூர்தான், ஆனால் ஹைடெல்பர்க், மான்ஹைம் இரண்டும் பக்கத்தில் இருப்பதால் அங்கே அந்தப் பயம் குறைவு.

வாடகை

கீழ்வீட்டுப் பெண்ணின் தாளில் இருந்த வரிக் கட்டத்தை அழிக்கச் சொன்னேன். வருமான வரி நாடு முழுக்க ஒன்றுதான். குழந்தைகளுக்கு அரசு தருகிற மாதப் பணமும் எந்த ஊரிலும் ஒரே தொகைதான். ஊருக்கு ஊர் உண்மையில் மாறுவது வாடகை.

மியூனிக்கில் புதிதாக வீடு எடுத்தால் சதுர மீட்டருக்கு 20 யூரோவுக்கு மேல். லைப்சிக்கில் ஏறக்குறைய அதில் பாதி. 80 சதுர மீட்டர் வீட்டுக்கு மாதம் 800 யூரோ வித்தியாசம் வந்தால் ஆண்டுக்கு 9,600. அது கையில் நிற்க வேண்டுமானால், பிடித்தமெல்லாம் போக, மொத்தச் சம்பளம் 15,000-க்கு மேல் கூடுதலாக இருக்க வேண்டும். மியூனிக் சம்பளத்தைப் பார்த்து மயங்கும் முன் இந்தக் கழித்தலைச் செய்யுங்கள்.

விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் கால்ட்மீட்டே, அதாவது வெறும் வாடகை. வெந்நீர், வெப்பம், குப்பை, மாடிப்படி விளக்கு எல்லாம் சேர்ந்தது வார்ம்மீட்டே. மின்சாரம் அதற்கும் மேல். மூன்று அறை வீடு என்றால் கூடத்தையும் சேர்த்து மூன்று. நம் இரண்டு படுக்கையறை வீடுதான் அது. சமையலறை என்று இருக்கும், உள்ளே அடுப்பும் அலமாரியும் தொட்டியும் இருக்காது, நாம்தான் வாங்கிப் போட வேண்டும். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத வெறும் வாடகை. மூன்று தவணையில் கட்ட சட்டம் இடம் தருகிறது. வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் அனுப்பச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் பேச்சை அதோடு நிறுத்திவிடுங்கள்.

நகரத்துக்குள் வாடகை தாங்கவில்லை என்றால் தள்ளிப் போகலாம், அது தப்பில்லை. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கிய நாடு தழுவிய மாதப் பயணச் சீட்டு 2026 ஜனவரியில் 63 ஆகியிருக்கிறது. அதை வைத்து உள்ளூர்ப் பேருந்து, மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். தள்ளிப் போனால் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருங்கள். எங்கள் தவறு தள்ளிப் போனது இல்லை. வீடு அலுவலகத்துக்குப் பக்கத்தில், மற்ற எல்லாவற்றுக்கும் தூரத்தில் இருந்ததுதான்.

நம் மனிதர்கள், நம் ஊர்

தமிழர்கள் நிறைய இருக்கும் ஊரில் இருக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டுக்கு முக்கியம் என்றால் வடக்கு ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தைப் பாருங்கள். 1980-களிலிருந்து வந்த ஈழத்தமிழர்கள் அங்கே அதிகம், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் உண்டு. ஹாம் நகரில் ஒரு தொழிற்பேட்டைக்குள் ராஜகோபுரத்தோடு நிற்கும் காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். நாங்கள் ஒரு முறை பெர்லினிலிருந்து போனோம்.

ஆனால் இதற்காக மட்டும் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பேன். ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு கோயிலோ சங்கமோ கடையோ இருந்தால் போதும். என் மாமியார் மூன்று மாத விசாவில் வந்திருந்தபோது, வெள்ளிக்கிழமைகளில் யூ7 மெட்ரோவில் பிளாஷ்கோஅல்லே நிறுத்தத்தில் இறங்கி, பிரிட்ஸ் பகுதியில் இருக்கும் முருகன் கோயிலுக்குத் தானே போய் வரப் பழகிக்கொண்டார். முதல் நாள் அங்கே ஓர் அம்மா, "எப்ப வந்தனீங்கள், சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். சிற்றூரில் இருந்திருந்தால் அவருடைய தாளில் மூன்று மாதமும் வெறுமையாகத்தான் இருந்திருக்கும்.

ஊர் தூரத்தையும் எழுதுங்கள், மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும். பெங்களூருக்கு நேர் விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து உண்டு. 2023 நவம்பரில் மியூனிக்கிலிருந்தும் தொடங்கினார்கள். பெர்லினிலிருந்து கிடையாது. 2022 பிப்ரவரியில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ராத்திரி போன் வந்தது. காலை முதல் விமானத்தில் ஃபிராங்க்ஃபர்ட், அங்கே காத்திருப்பு, பிறகு பெங்களூர். வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் பத்தொன்பது மணி நேரம். அப்பா என் கையைப் பிடித்தார். அரை நாள் கழித்துப் போய்விட்டார். வயதான பெற்றோர் இருக்கிறவர்கள் இரண்டு விமானம் மாறுகிற ஊரையும் ஒரு விமானத்தில் வருகிற ஊரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

போய்ப் பார்த்துவிட்டு, வெளியேற வழியும் வைத்துக்கொள்ளுங்கள்

வேலை கிடைத்தவர் முதலில் போய், குடும்பம் இரண்டு மூன்று மாதம் கழித்துப் போவது நல்ல ஏற்பாடுதான், அந்த மாதங்களைச் சரியாகப் பயன்படுத்தினால். தற்காலிக அறையில் இருந்துகொண்டு, உத்தேசித்த தெருவில் ஒரு வேலை நாளின் காலை பதினோரு மணிக்கு நடந்து பாருங்கள். யார் வெளியே இருக்கிறார்கள், பூங்காவில் குழந்தைகள் உண்டா, நூலகம் திறந்திருக்கிறதா. பக்கத்துக் குழந்தை மருத்துவரிடம் புதியவர்களைச் சேர்த்துக்கொள்கிறீர்களா என்று கேளுங்கள். இல்லை என்ற பதில் பல இடத்தில் வரும். கிட்டாவுக்குக் குழந்தை வருவதற்கு முன்பே பெயர் கொடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் காலம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாவிட்டால் மூன்று மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம். போட்டுவிட்டால் பல வருடம்கூடக் கட்டிப்போடலாம். வீடு பிடித்திருக்கிறதே என்று இதில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். வேலை மாறுவது இப்போது எங்கள் காலத்தைவிடச் சுலபம். புளூ கார்டில் முதல் 12 மாதம்தான் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் முதல் ஊரே கடைசி ஊர் என்று நினைத்துப் பெரிய சோபாவும் சமையலறையும் வாங்கிவிடாதீர்கள். ஒரு ஜனவரி போகட்டும்.

கீழ்வீட்டுப் பெண் மூன்று பேருக்கு, மூன்று ஊருக்கு, ஒன்பது தாள் எழுதினாள். மகளுக்கு ஐந்து வயதுதான், அதனால் பள்ளி விஷயத்தில் மூன்று ஊரும் சமம். கணவர் பிசியோதெரபிஸ்ட். கம்பெனியிடம் பதில் சொல்ல மூன்று வாரம் கூடுதலாகக் கேட்டிருக்கிறாள், கொடுத்துவிட்டார்கள். கணவர் இந்திராநகர் சிஎம்எச் ரோட்டில், ஜெர்மன் சொல்லித்தரும் மேக்ஸ் முல்லர் பவனில், ஏ1 என்ற தொடக்க வகுப்பில் சேர்ந்துவிட்டார். நேற்று மாலை மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் "குட்டன் ஆபென்ட், அக்கா" என்றார். லைப்சிக் தாளில் அவருடைய பதினோரு மணிக்குக் காலை வகுப்பு ஒன்று கிடைத்துவிட்டதாம். ஸ்டுட்கார்ட்டுக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்கிறார்கள். மியூனிக் பக்கம் அந்த மணியில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.